கேபினெட்டுக்கு அடித்த பச்சை பெயிண்ட்

எனக்கு யார்மேல் பொறாமை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரியின் பட்டுப்புடவை மேல் இல்லை, ஓரகத்தியின் நெக்லஸ் மேலும் இல்லை. கட்டின புருஷன் மேல். அவர் வேறு யாரையோ பார்க்கிறார் என்பதற்காக இல்லை. எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள் என்பதற்காக.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற சாலையில் எங்கள் கடை. கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ். முன்பக்கம் கண்ணாடி மேசை, பின்பக்கம் வேலை மேசை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். அவர் செல்போன் கடையில் வேலை பார்த்தபடியே கம்ப்யூட்டரையும் கற்றுக்கொண்டவர். படிப்பைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு வேலை நன்றாகவே வரும். எனக்கு அவரைவிட நன்றாக வரும். இதை நான் ஒருத்தியே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கடைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே "சார் இல்லீங்களா" என்பார்கள். நான் கையில் ஸ்க்ரூடிரைவரோடு, முன்னால் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன கோளாறு என்று கேட்டால், பரவாயில்லை, சார் வரட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவர் டீ குடித்துவிட்டு வருவார். ஊர்க்கதை, மழை, மரவள்ளி விலை எல்லாம் பேசி முடித்துவிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளுவார். நான் சரிசெய்து கொடுப்பேன். கிளம்பும்போது அவருக்கு ஒரு கும்பிடு, "வரேன் சார்". எனக்கு, பாதி திரும்பினபடி, "வரேங்க்கா". இந்த அக்காவில் மரியாதை இல்லாமல் இல்லை. ஆனால் டீ போட்டுக் கொடுக்கிறவளுக்கும் அதே அக்காதானே.

ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கேபினெட் என்கிற கம்ப்யூட்டர் தகரப்பெட்டிக்குள் பொருத்துகிற விதத்திலேயே எங்கள் இருவர் குணமும் தெரிந்துவிடும். டிஸ்க் உட்கார்வதற்கு உள்ளே ஒரு தகரக் கூண்டு இருக்கும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நாலு ஸ்க்ரூ போட வேண்டும். அவர் ஒரு பக்கம் மட்டும் இரண்டு போட்டு முடித்துவிடுவார். மறுபக்கம் போட வேண்டுமானால் இன்னொரு மூடியையும் கழற்ற வேண்டும் என்று சோம்பல். நான் நாலும் போடுவேன். டிஸ்க் ஆடக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதன் உடம்பு தகரத்தை நன்றாகத் தொட வேண்டும். தகரம், உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் தொட வேண்டும், அந்தப் பெட்டி வயர் வழியாகச் சுவரில் இருக்கும் எர்த்தைத் தொட வேண்டும். மின்சாரம் தவறி எங்கே ஏறினாலும் மண்ணுக்குப் போய்ச் சேர ஒரு வழி இருக்க வேண்டும். இதெல்லாம் மூடி போட்டபிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிவது அவர் எனக்கு முன்பாகவே முடித்துவிட்டார் என்பது மட்டும்தான். சாருக்குக் கை வேகம் என்று ஊரில் ஒரு பேர்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிப் போனால் ஒரு பள்ளிக்கூடம். மலைப்பிள்ளைகள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் படிப்பது. அதன் கம்ப்யூட்டர் அறை எங்கள் பொறுப்பில் இருந்தது. எங்கள் கடைக்குப் பெரிய வேலை என்றால் அதுதான். மலை ஈரத்தில் கேபினெட்டுகள் துருப்பிடிக்க ஆரம்பித்தபோது ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பதோடு விடமாட்டார்கள். மாவு மில், பம்புசெட், கதிரடிக்கிற மெஷின் என்று இரும்பாக இருக்கிற எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். அவருக்கு யோசனை வந்துவிட்டது. கேபினெட்டுகளை எல்லாம் பிரித்து, வெறும் தகரக்கூடுகளாக ஒரு வேனில் ஏற்றி, தியாகதுருகத்தில் டிராக்டருக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனார். மழமழவென்று பச்சை. டிராக்டருக்கு அடித்து மீந்ததாம். காய்ந்ததும் மறுபடி எல்லாவற்றையும் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மலைக்கு அனுப்பிவிட்டார்.

அப்போது நான் ஊரில் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று களமருதூரில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். வரிசையாகப் பச்சைக் கேபினெட்டுகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு, பின்னால் பல்லெல்லாம் தெரியப் பிள்ளைகள். அழகாகத்தான் இருந்தது. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்பதுதான் என் முதல் நினைப்பு. தலைமையாசிரியர் அதே படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்து, சாரின் கலை ரசனை என்று எழுதியிருந்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடப் போனேன்.

தை பிறந்து மலையில் காற்று காய்ந்ததும் தொல்லை ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று டிஸ்க் காணவில்லை என்று திரையில் வரும். அணைத்துப் போட்டால் வந்துவிடும். இன்று ஒன்று, நாளை இன்னொன்று. சில டிஸ்க்குகள் அடியோடு போய்விட்டன. அவர் மலைக்குப் போய்ப் போய் வந்தார். கேபிள் மாற்றினார், எஸ்.எம்.பி.எஸ். மாற்றினார். டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து எங்கள் மேசையில் மாட்டினால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். மலைக்குப் போனால் மறுபடி மக்கர். கடைசியில் தலைமையாசிரியர், வருத்தத்தோடுதான், இன்னொரு முறை இப்படி ஆனால் சேலத்து ஆட்களைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அந்த வேலை போனால் கடைக்கு அடி. அந்தக் கவலை எனக்கும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. இதை நான் கண்டுபிடிக்க வேண்டும். நான்தான் கண்டுபிடித்தேன் என்று அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிய வேண்டும். ஒரு தடவையாவது ஒரு ஆள் போன் பண்ணி, சாரை இல்லை, என்னைக் கேட்க வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். "வாயேன், மேல காத்து நல்லா இருக்கும்" என்றார், திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலையேறும்போது அவர் கண்டக்டரோடு பேசிக்கொண்டு வந்தார். கண்டக்டருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் தலைமையாசிரியர் அவர் தோளில் கைபோட்டு வராந்தாவுக்கு அழைத்துப்போனார். என்னைப் பார்த்து, டீச்சர்கள் அறையில் ஃபேன் இருக்கிறது, போய் உட்காருங்கள் என்றார். நான் மெஷினைப் பார்க்க வந்தேன் என்றேன். தாராளமாகப் பாருங்கள் என்றார், ஏதோ தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி தருகிற மாதிரி.

கம்ப்யூட்டர் அறையில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மலைக்குளிருக்குப் பிள்ளைகள் எல்லோரும் நைலான் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள், உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக் நாற்காலியில். நான் எதையும் தொடாமல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் ஒரு பெண் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். கேபினெட்டின் முன்பக்கம் விரலை வைத்தாள், பட்டென்று ஒரு சின்னச் சத்தம். கையை உதறிக்கொண்டு சிரித்தாள். அவள் திரையில் டிஸ்க் காணவில்லை. "இன்னைக்கு என்னுது அவுட்டு" என்றாள், கூட இருந்தவளிடம். யாருடையது அவுட் ஆகும் என்று தினமும் அவர்களுக்குள் ஒரு விளையாட்டே இருந்திருக்கிறது. அவர் அத்தனை முறை வந்தபோது இதைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது அவர் வராந்தாவில் இருந்திருப்பார்.

முதலில் சுவரில் உள்ள எர்த்தைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. எர்த் குழியில் சமையல்கார அம்மா தினமும் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுகிறார்களாம், குழி ஈரமாகவே இருந்தது. பிறகு அந்தப் பெண்ணின் கேபினெட்டைத் திறந்து, உள்ளே இருந்த வயர்களை எல்லாம் கழற்றினேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை டிஸ்க்கின் உடம்பில் வைத்தேன், இன்னொன்றைக் கூண்டில். தொடர்பு இருந்தால் பீப் என்று கத்த வேண்டும். கத்தவில்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் வைத்தேன். அங்கேயும் கத்தவில்லை. அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். வெளியே அடித்த அதே பச்சை உள்ளேயும் இருந்தது. கூண்டின் ஓரம், ஸ்க்ரூ ஓட்டை, எஸ்.எம்.பி.எஸ். உட்காருகிற இடம், ஒன்றையும் விடவில்லை, இரண்டு கோட்டிங். டிஸ்க் ஒரு ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தது, அதுவும் ஒரு பக்கம் இரண்டே ஸ்க்ரூவில். காய்ந்த காற்றில் பிளாஸ்டிக் நாற்காலியோடு உரசிப் பிள்ளைகளின் ஸ்வெட்டரில் ஏறின மின்சாரம் தகரம் வழியாக நேரே மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். வழியை அடைத்துவிட்டதால் டிஸ்க்கின் போர்டு வழியாகப் பாய்ந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு மீட்டரை வைத்தேன். பீப்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் பாதி. அவருடைய பெயிண்ட் என்ற சந்தோஷம் மீதி. சாரின் கலை ரசனை.

அவரைக் கூப்பிட்டேன். மீட்டரைப் பெயிண்ட் மேல் வைத்துக் காட்டினேன், சுரண்டின இடத்தில் வைத்துக் காட்டினேன். பீப் சத்தம் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. விரலால் அந்தப் பச்சையைத் தடவினார். எல்லா மெஷினும் இப்படித்தானா என்று கேட்டார். நீங்கள்தானே அடித்தீர்கள், உங்களுக்குத்தானே தெரியும் என்றேன். இனி அவர் இதை மழுப்புவார், ஈரம் என்பார், கம்பெனி டிஸ்க் சரியில்லை என்பார், அன்று சாயங்காலம் அவரை ஒரு பிடி பிடிக்கலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் நேராக வராந்தாவுக்குப் போனார்.

"சார், தப்பு என்னுதுதான். நான் அடிச்ச பெயிண்டாலதான் எல்லாம் போச்சு. நான் கண்டுபுடிக்கல, என் வூட்டுக்காரம்மாதான் கண்டுபுடிச்சாங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

வாசற்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் நான் காத்திருந்த வார்த்தை. தலைமையாசிரியர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காலத்தில் யார் தன் தப்பை ஒத்துக்கொள்கிறான், அதுவும் பெண்டாட்டியை முன்னால் நிறுத்திப் பேசுகிற மனசு எத்தனை ஆம்பளைக்கு வரும் என்றார். என் பக்கம் திரும்பி, "குடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார்.

அதோடு விட்டாரா, அதுவும் இல்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, சார் மாதிரி உண்மையைப் பேசப் பழக வேண்டும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் நடந்தபோது நான் மேசைக்கு அடியில் இருந்தேன். ஒவ்வொரு கேபினெட்டாகப் பிரித்து, டிஸ்க்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உட்காருகிற ஓரங்களையும் ஸ்க்ரூ ஓட்டைகளையும் அரத்தாலும் உப்புத்தாளாலும் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, தகரத்தைக் கடித்துப் பிடிக்கிற பல் வைத்த வாஷர் போட்டு, நாலு நாலு ஸ்க்ரூவாக முறுக்கிக்கொண்டிருந்தேன். அவரும் பிறகு வந்து தேய்த்தார். இருவர் தலையிலும் பச்சைத் தூள். சாப்பாட்டின்போது தலைமையாசிரியர் அவர் இலையில் தானே அப்பளம் எடுத்து வைத்தார். பெயிண்ட் அடித்தபோதும் அவருக்குத்தான் பேர், அந்தப் பெயிண்ட் தப்பு என்று ஆனபோதும் அவருக்குத்தான் பேர். நான் பாதியிலேயே இலையை மடித்துவிட்டேன்.

பஸ் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"இன்னா, பேசாமலே வந்துக்கினு இருக்க? நீதான் கண்டுபுடிச்சேன்னு எல்லாரும் இருக்கறப்பதான சொன்னேன்."

"நீங்க சொன்னதாலதான் கேட்டுக்கினாரு. நான் சொல்லியிருந்தா, சாரை வரச்சொல்லுங்கன்னு இருப்பாரு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் இன்னாதான் பண்றது?"

எனக்கும் தெரியவில்லை. சொல்லாமல் இருந்தாலும் குற்றம், சொன்னாலும் குற்றம் என்றால் ஒரு மனுஷன் என்னதான் செய்வார். கெட்ட புருஷனாக இருந்தாலாவது சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். நல்லவர்மேல் பொறாமைப்படுகிற பொம்பளைக்கு ஊரில் ஒருத்தர்கூடப் பரிந்து பேசமாட்டார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த அறையில் அதன்பிறகு ஒரு டிஸ்க்கும் காணாமல் போகவில்லை. வேலை எங்களிடமே நின்றது. சில வாரம் கழித்து மலையில் இன்னொரு பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. அங்கேயும் டிஸ்க் தொல்லையாம், முதல் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினாராம், பெரிய மனசுக்கார சார் ஒருத்தர் இருக்கிறார் என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் மனைவி வருவார் என்று சொல்லி வைத்துவிட்டார். என்னைக் கேட்கக்கூட இல்லை. நான் தனியாகவே போனேன். அங்கே தலைமை ஆசிரியராக இருப்பது ஒரு பெண் என்று தெரிந்து, இங்கேயாவது நடக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டுவைத்திருந்தேன்.

அந்த டீச்சரம்மா கேட்டைத் திறந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் பின்னாடி வராருங்களா?"

இல்லை, நான் மட்டும்தான் என்றேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், குறை சொல்ல முடியாது. மெஷின்களைத் திறந்து பார்த்தேன். யாரோ ஸ்க்ரூவே போடாமல், போட்டோ ஒட்டும் இரட்டைப் பக்க டேப்பால் டிஸ்க்குகளைக் கூண்டில் ஒட்டிவைத்திருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. சுவர் பெட்டியில் நுழையவில்லை என்று மூன்று முள் பிளக்குகளில் மேலே இருக்கிற தடித்த முள்ளை, எர்த் முள்ளை, ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டிருந்தார்கள். டிஸ்க்குகளை ஒழுங்காகப் பொருத்த வேண்டும், பிளக்கும் சுவர்ப்பெட்டியும் மாற்ற வேண்டும், அதற்கு அறை முழுக்க மெயினை அணைக்க வேண்டும் என்று சொன்னேன்.

டீச்சரம்மா மேசைமேல் இருந்த போனை எடுத்தார். "ஒரு நிமிஷங்க, சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

ஸ்பீக்கரில் போட்டார். நான் சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னார். இப்போது அவர் என்ன சொல்வார் என்றும் தெரியும். அவளுக்குத்தாங்க எல்லாம் தெரியும், என்னைவிட நல்லா பண்ணுவா என்பார். இந்த அம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நான் மறுபடி கொடுத்து வைத்தவள் ஆகிவிடுவேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"இல்ல சார், நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்."

"மெஷினை நான் பாக்கல. பாத்தவங்க எதிர்ல நிக்கிறாங்க. அவங்கள உட்டுட்டு எனக்கு எதுக்குங்க போன் பண்றீங்க? எனக்கு வேலை இருக்குது, வச்சுர்றேன்."

வைத்துவிட்டார். கடைக்கு வந்தவர் யாரிடமும் அவர் அப்படி முகத்தில் அடித்த மாதிரி பேசி நான் கேட்டதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கதை பேசுகிற மனுஷர். இந்த மலையில் அவருக்கு இருந்த நல்ல பேர் முழுக்க அந்த ஒரு பேச்சில் போயிற்று. இங்கே இருந்து அந்தத் தலைமையாசிரியருக்கும் போகும், டீச்சர்கள் பேசிக்கொள்வார்கள். அதுவும் தெரிந்துதான் பேசியிருக்கிறார்.

டீச்சரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. போனை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னமோ தங்கமான ஆளுன்னு சொன்னாங்க. கொஞ்சம் திமிர் புடிச்சவரோ?"

"ஆமாங்க, கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றேன்.

பிறகு மெயினை அணைக்கச் சொன்னேன். டீச்சரம்மாவே எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.